வேம்புலியம்மாளின் சுகர் மெஷின்

ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேம்புலியம்மாளுக்குச் செக்கர் வேலை. தைத்து அடுக்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, காலர், தோள், கை நீளம் என்று டேப் வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். பல வருடம் இதையே செய்ததில் அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ஆவடி மார்க்கெட்டில் பூக்காரி முழம் போட ஆரம்பித்தால், "உன் கை குட்டை, தோ என் கையால அள" என்று முழங்கையை நீட்டுவாள். பால்காரர் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் நுழையும்போதே அளவுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவார்.

அவள் கணவர் செங்கல்வராயன் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார். ஒல்லியான மனிதர். பச்சை என்று பொதுவாக யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எந்தப் பச்சை என்று கேட்பார்.

எண்பத்தேழில் வேம்புலியம்மாளுக்கு மேசை முன் நிற்கும்போதெல்லாம் பாதம் எரிந்தது. தண்ணீர் குடித்து மாளவில்லை. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை வியாதி என்றார். கேட்டதும் பலர் அழுவார்களாம். இவள் கேட்டது வேறு.

"எத்தினி இருக்கணும், எனக்கு எத்தினி கீதுங்க?"

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, வாரம் ஒருமுறை வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துப் பார்க்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். நீல நிற மருந்து ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதற்கு மேல், ஆரஞ்சு இன்னும் மேல், செங்கல் நிறம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டும்.

நிறம் என்று வந்தபின் செங்கல்வராயனைப் பிடிக்க முடியுமா? தகரத்தில் ஐந்து சதுரம் வரைந்து ஐந்து நிறத்தையும் அடித்துக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலில் மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேம்புலியம்மாள் ஸ்பிரிட் விளக்கின் மேல் குழாயைத் துணிக் கிளிப்பால் பிடித்து ஆட்டுவாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பு சொல்வார்.

"பச்சை," என்பாள் இவள்.

"இது பச்சையா? மஞ்ச கலந்துகினு கீது, கண்ணு தெரில உனக்கு? இத்த பச்சைன்னு வண்டில அடிச்சிப்பாரு, வண்டியவே திருப்பி அனுப்பிடுவான்."

"நான் இன்னா டாங்கியா?"

"வெளிச்சத்துல காட்டு. ம். பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல. நடுவுல. முக்கா பச்ச, கா மஞ்ச."

டாக்டரம்மாவிடம் காட்டும் நோட்டில் 'முக்கால் பச்சை' என்றே எழுதிக்கொண்டு போவாள் வேம்புலியம்மாள். ஏழு வருடம் இப்படித்தான் ஓடிற்று.

தொண்ணூற்று நாலு ஆடி மாதம் அவளுடைய அண்ணன் மகன் கோவிந்தன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அங்கே அவன் டிரைவர். எல்லாருக்கும் சென்ட், சோப்பு, டார்ச் லைட் கொடுத்துவிட்டு, அத்தைக்கு மட்டும் ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்றைக் கொடுத்தான். உள்ளே சோப்பு டப்பா அளவில் ஒரு மெஷின், ரத்தம் வைக்க ஒரு புட்டி நிறையச் சின்னத் தாள்பட்டை ஸ்ட்ரிப்புகள், ஒரு பெட்டி ஊசி, சொட்டு மருந்து மாதிரி ஒரு சின்னப் புட்டி.

"ஒண்ணுக்குப் போவ வேணாம் அத்தே. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் வெச்சா நாப்பத்தஞ்சு செகண்டுல நம்பரே காட்டும்."

குத்தினான். மெஷின் நாற்பத்தைந்திலிருந்து கீழ்நோக்கி எண்ண ஆரம்பித்தது. வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 168 என்று வந்தது.

"ஷோக்கா கீதுடா," என்றாள் வேம்புலியம்மாள். "இன்னொரு தபா பாரு."

"இப்பதான பாத்தோம்?"

"அதான் பாக்கணும்."

அதே விரலில் இன்னொரு சொட்டு. 181. மூன்றாவது முறை 159. மூன்றுக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் முகம் செக்கிங் மேசை முகமாக மாறியது.

"ஒரே ஆளு, ஒரே விரலு, மூணு நம்பரு. இந்த டேப்ப வெச்சி நான் ஒரு சட்ட பாஸ் பண்ண மாட்டேன்."

"அத்தே, அது சட்ட இல்ல, ரத்தம். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

"கொஞ்சம்னா எத்தினி?"

கோவிந்தனுக்குத் தெரியவில்லை. லீவு முடிந்து விமானம் ஏறும்வரை அதைச் சொல்லாமலேயே போய்விட்டான்.

இருந்தாலும் மெஷினை அவள் மூலையில் போடவில்லை. ஸ்ட்ரிப் மஸ்கட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதால் வாரம் ஒன்று என்று சிக்கனமாகப் பார்த்து வந்தாள். இதில் மனக்கஷ்டம் செங்கல்வராயனுக்குத்தான். ஸ்பிரிட் விளக்கு பரணுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடம் யாரும் எந்த நிறமும் கேட்பதில்லை.

"சுகர் பாக்க இனிமே கண்ணு வேணாம், பேட்டரி போதும்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார். "மூணு தபா மூணு நம்பரு காட்ற மிஷினு. ஆனா நம்ம பேச்ச யாரு கேக்குறா."

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவர் நெமிலிச்சேரியில் இருக்கும் தங்கை பொன்னியம்மாவைப் பார்க்கப் போனார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. ஆனால் வேம்புலியம்மாளுக்கு வந்த நாளிலிருந்து இனிப்பு வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது அந்த வீட்டில் அவரே போட்ட சட்டம். அவள் எதிரில் சாப்பிட அவருக்கு மனசு வராது. சாப்பிடாமலும் இருக்க முடியாது. அதனால் தங்கை வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுவண்டியில் சுடச்சுடப் போடும் ஜிலேபியைச் சாப்பிட்டு, விரலை நக்கி, துண்டில் துடைத்துக்கொண்டு ரயில் ஏறுவார். அன்றும் அப்படித்தான் வந்தார்.

வீட்டில் கூட்டமாக இருந்தது. எதிர் பிளாக் ஜமீலாவுக்கும் சர்க்கரை உண்டு. அவளும் இன்னும் இரண்டு பெண்களும் சுகர் பார்க்க வந்திருந்தார்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், ஆளுக்கொரு புது ஊசியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் வேம்புலியம்மாள்.

"அண்ணாத்தே, நீயும் விரல நீட்டு," என்றாள் ஜமீலா.

"எனக்கு இன்னாத்துக்கு? அந்த மிஷினு நம்பர குலுக்கிப் போட்டு எடுக்குது."

"பயமா கீதா?"

பயம் என்று சொன்ன பிறகு அவரால் சும்மா போக முடியவில்லை. இந்த மெஷின் எவ்வளவு பெரிய புளுகு என்று எல்லோர் முன்னாலும் காட்டிவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. வலது கை ஆட்காட்டி விரலை நீட்டினார். வேம்புலியம்மாள் குத்தினாள். எண்ணிக்கை நாற்பத்தைந்திலிருந்து இறங்கி முடிந்து நம்பர் வந்தது.

412.

ஜமீலா எழுந்து அவருக்கு நாற்காலியைப் போட்டாள். அதைப் பார்த்ததும்தான் செங்கல்வராயனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"இன்னொரு தபா பாக்கலாமா?" என்றார்.

"ஸ்ட்ரிப்பு தீந்துட்ச்சி," என்றாள் வேம்புலியம்மாள். காலிப் புட்டியைத் தட்டிக் காட்டினாள். "கோவிந்தன் நாலு புட்டி அனுப்பிகிறேன்னு கடுதாசி போட்டுகிறான். நாளைக்கோ மறுநாளோ வந்துடும்."

மெஷினைப் புளுகு என்று நாலு மாதமாகச் சொல்லிவந்த மனிதர், அன்று சாயங்காலத்துக்குள் அதை முழுதாக நம்பிவிட்டார். ராத்திரி சாப்பாட்டில் சோறு பாதியாயிற்று. மறுநாள் டீயில் சர்க்கரை இல்லை. பாகற்காய் மூன்று வேளையும் வந்தது. விடிவதற்கு முன் வேம்புலியம்மாள் அவரை எழுப்பி, வெள்ளானூர் வரை நடந்துவிட்டு வரும்படி அனுப்பினாள். போகும் வழியில் நாய்கள் துரத்தியதால் அதில் பாதித் தூரம் ஓட்டமாகவே அமைந்தது.

அவருக்கு எல்லா அறிகுறியும் வரிசையாக வந்தன. பாதம் எரிந்தது. நாக்கு வறண்டது. தண்ணீர் குடித்தார், குடித்ததால் அடிக்கடி எழுந்து போனார், போனதை எண்ணி வைத்துக்கொண்டார். செய்தி கேட்டு ஓடி வந்த பொன்னியம்மா, "எங்கண்ணன் எப்டி இருந்த மனுசன்" என்று அழ ஆரம்பித்தாள். எப்போதும் ஒல்லியாகவே இருந்த மனுசன்தான். இருந்தாலும் அவள் சொன்னபோது, தான் முன்பு பெரிய பயில்வானாக இருந்ததாக அவருக்கே தோன்றியது.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று தின்ற நாலு ஜிலேபியும் நேராக ரத்தத்தில் கலந்து நானூற்றுப் பன்னிரண்டாகிவிட்டன என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். அதை வேம்புலியம்மாளிடம் சொல்வதைவிடப் பாகற்காய் தேவலாம் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மஸ்கட் பொட்டலம் வந்தது. ஆனால் வேம்புலியம்மாள் அவர் விரலைத் தொடவில்லை. நானூறு காட்டியதைச் சரியான இடத்தில்தான் பார்க்கவேண்டும் என்று வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு மார்க்கெட் ரோட்டில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப் போனாள். கறுப்புப் பையும் கையோடு போயிற்று. அங்கே பரிசோதிக்கிறவர் பக்தவத்சலம். நிதானமான ஆள். கைநரம்பில் ரத்தம் எடுத்தார், காத்திருக்கச் சொன்னார், கடைசியில் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தொண்ணூற்று நாலு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய செங்கல்வராயன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற யாரு ரத்தமாச்சும் மாறிப் போச்சான்னு பாரு நைனா. எனக்கு நானூத்திப் பன்னண்டு."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கீங்க."

"நாலு நாளா காலு எரியுதே."

"நடந்தா எரியும் சார்."

வேம்புலியம்மாள் இருவரையும் நிறுத்தினாள். ஒரு சட்டைக்கு இரண்டு செக்கர் இரண்டு அளவு சொன்னால் அவள் என்ன செய்வாளோ அதையே செய்தாள். கறுப்புப் பையைத் திறந்து, அங்கேயே, அந்த நிமிடமே அவர் விரலில் குத்தி மெஷினில் வைத்தாள். 85.

"உங்களுது தொண்ணூத்தி நாலு. என்னுது எம்பத்தஞ்சு. யாரு சரி?"

பக்தவத்சலம் சிரித்தார். "ரெண்டும் சரிதாம்மா. ரத்தத்தக் குழாயில வெச்சு வேகமாச் சுத்த விட்டா மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். நாங்க அதுல பாக்குறோம். உங்க மெஷின் முழு ரத்தத்துல பாக்குது. அதனால எங்களவிட நூத்துக்குப் பத்துப் பன்னெண்டு கம்மியாத்தான் காட்டும். அதுக்கு மேல, மெஷினு நூத்துக்கு இருபது இப்டி அப்டி போகலாம்னு கம்பெனிக்காரனே உள்ள பேப்பர்ல எழுதியிருப்பான்."

"இருவதா? எங்க ஷாப்ல கையில கா இஞ்ச்சு ஏறுனாலே பிரிச்சிப் போட்ருவோம்."

"நூறா, நூத்திப் பதினஞ்சாங்கிறதுக்காக எந்த டாக்டரும் மாத்திரைய மாத்த மாட்டாங்கம்மா. நூறா, இருநூறாங்கிறதுக்கு மாத்துவாங்க. அந்த வித்தியாசத்த இந்த மெஷின் ஒழுங்கா காட்டும். ஒரு நாள் நம்பரப் பாத்துப் பயப்படாம, ஒரு மாச நம்பர வரிசையா பாருங்க."

கோவிந்தன் சொல்லாமல் போன 'கொஞ்சம்' எத்தனை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலையை ஆட்டினாள். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

"தொண்ணூத்தி நாலு, நூத்துக்கு இருவது ஏறுனாலும் நானூறு வராதே. ஞாயித்துக்கெழம எப்டி வந்துது?"

பக்தவத்சலம் செங்கல்வராயன் பக்கம் திரும்பினார். "குத்துறதுக்கு முன்னாடி கை கழுவுனீங்களா சார்?"

"தொடச்சேன்."

"அதுக்கு முன்னாடி அந்தக் கையால எதத் தொட்டீங்க?"

செங்கல்வராயன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். வேம்புலியம்மாள் அவரைப் பார்த்தாள். நாற்பத்தைந்து நொடியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று.

"ஜிலேபி," என்றார்.

"எத்தினி?"

"ரெண்டு."

அவள் பையிலிருந்து இன்னொரு ஊசியை எடுத்தாள்.

"நாலு," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அவருடைய இடது கை விரலை அதில் முக்கி, துண்டால் துடைத்து, காயவிட்டுக் குத்தினாள். 376. பிறகு சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்தினாள். 101. இரண்டு ஸ்ட்ரிப் வீணாகிவிட்டதே என்று ஜமீலா சொன்னபோது, "வீண் இல்ல. இப்பதான் இந்த மிஷின நம்புறேன்," என்றாள்.

அப்போதுதான் அந்தச் சின்னப் புட்டி ஞாபகம் வந்தது. அளவு தெரிந்த சர்க்கரைத் தண்ணீர் அது என்றும், அதில் ஒரு சொட்டு வைத்தால் ஸ்ட்ரிப் புட்டி மேலே அச்சடித்த இரண்டு நம்பருக்கு நடுவே வரவேண்டும் என்றும், வந்தால் மெஷினும் ஸ்ட்ரிப்பும் சரி என்றும் பக்தவத்சலம் சொல்லியிருந்தார். தேடினால் காணவில்லை. கடைசியில் செங்கல்வராயனின் ஷேவிங் டப்பாவில் இருந்தது. வெளிநாட்டுச் சென்ட் என்று நினைத்து இரண்டு மாதமாகத் தாடையில் தடவி வந்திருக்கிறார். மீதி நாலு சொட்டு இருந்தது. அதில் ஒன்றை வைத்துப் பார்த்தாள், நம்பர் நடுவிலேயே வந்தது. மெஷின் பாஸ்.

அன்றிலிருந்து அவளிடம் சுகர் பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயடிக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்த கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குத்துவாள். ரத்தம் வராவிட்டால் விரலைப் பிதுக்க விடமாட்டாள், கையைத் தொங்கவிட்டு உதறச் சொல்வாள். ஸ்ட்ரிப் புட்டியின் மூடி அரை நிமிடம் திறந்திருந்தால்கூட, காற்றில் ஈரம் ஏறிவிடும் என்று சத்தம் போடுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, லேபில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் மெஷினிலும் பார்த்து, இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். டேப் இழுபட்டிருக்கிறதா என்று தொழிற்சாலையில் இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுபோலத்தான். அந்த நோட்டைப் பார்த்த டாக்டரம்மா, அவளுக்குக் காலை மாத்திரை போதும், ராத்திரி மாத்திரைதான் போதவில்லை என்று கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். பாத எரிச்சல் மெல்லக் குறைந்தது.

தொண்ணூற்றாறு கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோய் லாரி வர ஆரம்பித்தது. ஒருநாள் காலை ஜமீலா குடங்களோடு வரிசையில் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை. வேம்புலியம்மாள் ஓடினாள். செங்கல்வராயன் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஒரு குடத்திலிருந்த தண்ணீரில் விரலைக் கழுவித் துடைத்துக் குத்தினாள். 49.

"தப்பா காட்டுதோ இன்னாவோ," என்றார் செங்கல்வராயன். "எனக்குக் காட்டுன மாதிரி. இன்னொரு தபா பாரு."

"நாப்பதா இருந்தாலும் அறுவதா இருந்தாலும் ஆளப் பாரு, வேர்த்து ஊத்துது. மொதல்ல சக்கர குடு. நம்பர அப்பால பாக்கலாம். ஊட்ல எங்க கீது?"

அவருக்குத் தெரியும். ஜிலேபி விஷயத்துக்குப் பிறகு அவள் வீட்டில் சர்க்கரை வாங்குவதையே நிறுத்தியிருந்தாலும், அரிசி டின்னுக்குப் பின்னால் பேப்பரில் சுற்றி அவரே ஒளித்து வைத்திருந்தார். அத்தனை வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. தம்ளரில் கெட்டியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஜமீலாவைக் குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரத்தில் வேர்வை நின்றது. திரும்பக் குத்தியபோது 92.

"இன்னாடி துன்னே காலைல?" என்றாள் வேம்புலியம்மாள்.

"மாத்திர போட்டேன்."

"அத்த கேக்கல. இன்னா துன்னே?"

"லாரி வந்துடுமேன்னு ஒண்ணும் துன்னல வேம்புக்கா. எடம் போயிடும்ல."

அன்று மதியமே அவளை நோட்டோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். சாப்பிடாமல் மாத்திரை போடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்தார். மாத்திரை அளவையும் குறைத்தார்.

மறுநாளிலிருந்து லாரி வரும் நேரத்துக்கு ஜமீலாவின் இடத்தில் அவள் குடம் இருக்கும். அதன் பக்கத்தில் வேம்புலியம்மாள் இடுப்பில் கை வைத்து நிற்பாள். யாராவது அந்தக் குடத்தைக் காலால் தள்ளப் பார்த்தால், "அவ இட்லி துன்னுகினு கீறா, வருவா," என்பாள். ஜமீலா வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேரும்வரை வரிசை அங்குலம்கூட நகராது.